பொடிமாஸின் மேல் தூவியவை

முட்டைப் பொடிமாஸ் கெட்டுப்போவது பெரும்பாலும் அவசரத்தால்தான். தீயைக் கூட்டி வைத்துக்கொண்டு கரண்டியால் கொத்திக்கொண்டே இருந்தால் முட்டை ரப்பர் மாதிரி ஆகிவிடும். தீ அடங்கி இருக்க வேண்டும். ஓரம் வெளுத்துக் கெட்டியாகும்போது மெதுவாக உள்ளே தள்ளிவிட வேண்டும். முழுசாக வேகும் முன்னால் இறக்கிவிட்டால் மீதியைச் சட்டியின் சூடே பார்த்துக்கொள்ளும். நான் பழகிக்கொண்டது இப்படித்தான்.

இன்ஸ்பெக்டர் அம்மா, இதிலிருந்து ஆரம்பிப்பதற்குக் காரணம் இருக்கிறது. என் மனைவி ஆனந்தமேரி அடுப்படியில் தீப்பிடித்து இறந்ததை நீங்கள் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அவளுடைய தம்பி ஜோஸ்வா எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்து வேறு ஒரு புகார் கொடுத்திருக்கிறான். நான் தினமும் செய்து கொடுத்த முட்டையில் எதையோ கலந்து மாதக்கணக்கில் அவள் உடம்பைக் கெடுத்தேன் என்பது அவன் சொல்வது. நீங்களும் கருகாமல் மிஞ்சிய டப்பாக்களை எடுத்துப்போய்ச் சோதனைக்கு அனுப்பினீர்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. நேற்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "வேற எதுனா சொல்லணுமா சவரியப்பன்?" என்று கேட்டீர்கள். எழுதித் தருகிறேன் என்றேன். தாலுகா ஆபீஸ் எதிரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவன் நான். பேசினால் முன்னது பின்னதாகிவிடும். எழுதினால் ஆகாது.

சோற்றில் விஷம் வைத்தவன் என்ற பெயர் மட்டும் என்மேல் விழக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மேரிக்கு வெள்ளிமலைப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினால் சனிக்கிழமை பொழுது சாயும்போதுதான் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருவாள். ஞாயிற்றுக்கிழமை பூசை, கறிக்குழம்பு, துணி துவைப்பு. மறுநாள் மறுபடி பஸ். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பொண்டாட்டிக்காரன் என்று டீக்கடையில் என்னைக் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். மற்ற நாட்களில் ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல்தான் பொடிமாஸ் செய்யப் பழகினேன்.

அவளுடைய மூக்கு அந்த மலையில் பேர் போனது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "சாம்பார்ல பெருங்காயம் போடல, யாரு இறக்கினது?" என்பாளாம். விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. எது சமைத்தாலும் சமைத்தவர் முதலில் முகர்ந்து, வாயில் போட்டுப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் பிள்ளைகளுக்குப் பரிமாறுவார்கள். வார்டன் சிஸ்டர் செலினா இதில் கறாரானவர். மேரி சரி என்றால் சிஸ்டர் மறுபேச்சு பேசமாட்டார். மலைப் பிள்ளைகள் அவளை மேரிம்மா என்பார்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது அவள் முகம் வேறு மாதிரி இருக்கும். என் எதிரில் உட்கார்ந்து பேசும்போதுதான் அதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அது எனக்கானது இல்லை.

போன மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது. போகும்போது மூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. நாக்கில் உப்பு, புளிப்பு, காரம் மட்டும் தெரியும். வாசனை என்று எதுவும் கிடையாது. சோறு ஈரப் பஞ்சு மாதிரி இருக்கிறது என்பாள். முகரத் தெரியாத சமையல்காரியை வைத்து என்ன செய்வார்கள்? குணமானதும் வா, உன் இடம் உனக்குத்தான் என்று சிஸ்டர் செலினா சொல்லி அனுப்பிவிட்டார். அவளும் கீழே வந்துவிட்டாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் முதல் தடவையாகச் செவ்வாய்க்கிழமையில் எங்கள் வீட்டில் மனைவி இருந்தாள்.

சாப்பிடாமல் இளைத்துக்கொண்டே போனாள். வாசனை இல்லாதவளுக்கு வேறு எதையாவது காட்ட வேண்டும் என்று யோசித்தேன். பொடிமாஸின் மேல் தூவ ஆரம்பித்தது அப்போதுதான். ஒரு நாள் மரவள்ளி சிப்ஸை நொறுக்கித் தூவினேன். பல்லில் நறுக் நறுக்கென்று கேட்டதும் தலை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த நாள் மலை நெல்லிக்காயைத் துருவி மிளகாய்த்தூள் பிசறி வைத்தேன். பிறகு மாதுளை முத்து, வறுத்த வேர்க்கடலை, ஓமப்பொடி, சாமைப் பொரி, பொடியாக நறுக்கிய அன்னாசி. மஞ்சள் முட்டையின் மேல் சிவப்பும் பச்சையுமாகச் சுற்றி வைப்பேன்.

"ஏங்க, இது இன்னா முட்டையா, மாதா கோயில் தேரா?" என்றாள் ஒரு நாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு மதில் மேல் கையை வைத்துக்கொண்டு பார்ப்பாள். "எங்க வூட்டுக்காரரு துன்ன தட்டக் கூட நவுத்த மாட்டாரு. நீ குடுத்து வெச்சவ மேரி," என்பாள். மேரி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவாள். அவள் உடம்பு தேறியது என் முட்டையால்தான். ஜோஸ்வா இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் காலத்தில் அவள் எதற்கும் என்னைத்தான் கேட்பாள். பால் நன்றாக இருக்கிறதா, குழம்பு அடிபிடித்ததா, துணியில் ஈர வாடை அடிக்கிறதா. நான் முகர்ந்து சொல்வேன். மனு எழுதப் போகும்போதுகூட போன் செய்வாள். "ஏங்க, நேத்து ரசம் இருக்குது, கொட்டிடவா?" நான் போனில் என்ன முகர முடியும். ஆனாலும் கேட்பாள். அது எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து கொஞ்ச நாளில் ஒரு காலை, தட்டை வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முட்டை அழுகல் நாற்றம் அடிக்கிறது என்றாள். அன்று காலையில் வாங்கிய நாட்டுக்கோழி முட்டை அது. வெங்காயமும் நாறியது, காபியும் நாறியது. மூக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் சந்தோஷப்பட்டார். நரம்பு திரும்ப வளர்கிறது, முதலில் வாசனைகள் கோணலாகத்தான் வரும், நல்லது நாறும், போகப் போக நேராகிவிடும் என்றார். தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து பொருளை முகர வேண்டும். பக்கத்தில் ஒருவர் இருந்து அது என்ன பொருள் என்று சரியாகச் சொல்ல வேண்டும். அப்போதுதான் மூளை பழைய வழியைக் கண்டுபிடிக்கும்.

அந்த ஒருவர் நான்.

தவக்காலம் வந்தது. எங்கள் வீட்டில் தவக்காலம் முழுக்கக் கறியும் கிடையாது, முட்டையும் கிடையாது. அதனால் காலை வேளைக்கு இந்தப் பயிற்சிதான். மூடி போட்ட சின்ன டப்பாக்களில் கிராம்பு, எலுமிச்சைத் தோல், நீலகிரித் தைலம் தொட்ட பஞ்சு, மல்லிகை. அவள் கண்ணை மூடி முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நற்கருணை வாங்கப் போகிறவள் மாதிரி. முதலில் எல்லாவற்றையும் மாற்றிச் சொன்னாள். பிறகு தைலத்தைச் சரியாகச் சொன்னாள். பிறகு மல்லிகையை. நான் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு வரைக்கும் உண்மையைத்தான் சொன்னேன்.

அன்று சாயங்காலம் சிஸ்டர் செலினா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "மேரி, இப்ப வந்திருக்கிறவ சுடற தோசைய பிள்ளைங்க பறக்கவுட்டு வெளையாடுதுங்க. உன்ன கேட்டுக்கினே இருக்குதுங்க. மூக்கு வந்துடுச்சுன்னா ஜூன்ல ஏறி வந்துடு." மேரி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த வேறு மாதிரி முகம்.

மறுநாள் காலை கிராம்பு டப்பாவைத் திறந்து நீட்டினேன். முகர்ந்த உடனே, "கிராம்பு," என்றாள்.

"இல்ல. எலுமிச்ச," என்றேன்.

முன்கூட்டி யோசித்துச் சொன்னது இல்லை, அம்மா. ஒரு வார்த்தை. வாயில் வந்தது, சொன்னேன். அவள் கண்ணைத் திறக்கும் முன் டப்பாவை மூடிவிட்டேன். அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தபா காட்டுங்க," என்றாள். எலுமிச்சையைக் காட்டினேன். தயங்கித் தயங்கி எலுமிச்சை என்றாள். கிராம்பு என்றேன். அவள் தோள் இரண்டும் கீழே இறங்கின. நான் யோசித்தது என்னவென்றால், கொஞ்சம் அரைகுறையாகத் தேறிய மூக்கோடு இவள் மேலே போய், அத்தனை பிள்ளைகளுக்கு எதையாவது கெட்டதைப் பரிமாறிவிட்டால் யார் பதில் சொல்வது? நிதானமாகப் போவது நல்லது. இப்போது யோசித்தாலும் அதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஈஸ்டர் காலையில் பூசை முடிந்து வந்ததும் தவக்காலத்துக்குப் பிறகான முதல் முட்டையை உடைத்தேன். அன்றைக்கு விசேஷமாக நெய்யில் வறுத்த முந்திரி, மாதுளை, கொத்தமல்லி எல்லாம் தூவித் தட்டை வைத்தேன். அவள் பயந்துகொண்டே குனிந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"முட்ட வாசன வருதுங்க. நல்ல வாசன. நெய்யும் வருது. மாதாவே, எல்லாம் வருது."

நான் தட்டை எடுத்து முகர்ந்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "துன்னாத. முட்ட அழுகிப்போச்சு. எனக்குக் கொடலப் பொரட்டுது," என்றேன். அவள் எதிரிலேயே எடுத்துப்போய்க் கொல்லையில் கொட்டினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அவள் அழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மூக்கை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப எனக்கு எல்லாம் தலகீழாத்தான் வருதா?" என்று கேட்டாள். டாக்டர் கோணல் என்று சொன்னதை ஞாபகப்படுத்தினேன். நாறினால் ஒன்றுமில்லை, மணந்தால் கெட்டது என்று அவளே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். அந்தக் கணக்கை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு அதைக் காப்பாற்றுவது கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது. ஒரு நாள் பாலில் கெட்டுப்போன வாடை அடிக்கிறது என்றாள். கெட்டுத்தான் போயிருந்தது. நான் அந்த டம்ளரை எடுத்து அவள் பார்க்கக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, நல்லா இருக்கே என்றேன். அன்று மத்தியானம் முழுக்க வயிறு படுத்திய பாட்டை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. இன்னொரு நாள், "சின்னப்பொண்ணு அக்கா கருவாடு வறுக்கறாங்களா?" என்றாள். நான் இல்லை என்று சொல்லியும் அவள் மதில் பக்கம் போகப் பார்த்தாள். முந்திக்கொண்டு போய்ச் சின்னப்பொண்ணிடம் சொன்னேன். டாக்டர் மனசைக் குழப்பக் கூடாது என்கிறார், எது கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடு தாயி என்றேன். அவள் நல்ல மாதிரி. மதில் மேல் எட்டிப் பார்த்து, "கருவாடா? ரசம்தான மேரி வெச்சேன்," என்றாள். இதை அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். தெரியாமல் செய்தவள், அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

சித்திரை முடிவதற்குள் மேரி தன் மூக்கைக் கேட்பதையே விட்டுவிட்டாள். எந்த வாசனை வந்தாலும் என்னைக் கேட்பாள். நான் வீட்டில் இல்லாவிட்டால் நான் வரும் வரைக்கும் காத்திருப்பாள். குளிக்கும் சோப்பைக்கூட நீட்டி, "இது சோப்பு வாசனதான?" என்பாள். ஆமாம் என்பேன். எல்லாவற்றுக்கும் பொய் சொல்ல வேண்டியதில்லை.

இது இப்படியே இருந்திருக்கும். மே மாசக் கடைசியில் ஜோஸ்வா வந்தான். அக்கா இளைத்துவிட்டாள் என்றான். யாரிடமும் பேசமாட்டேன் என்கிறாளே என்றான். "மாமா, அக்காவுக்கு நீங்க காவலா, தொணையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். சிரிப்பில் சிரிப்பு இல்லை. மேரியைத் தனியாகத் திண்டிவனத்துக்கோ எங்கேயோ பெரிய டாக்டரிடம் காட்டுகிறேன் என்றான். அதற்கு அவள் சொன்ன பதில்தான் எனக்குப் புதிது.

"வேணாம்டா. நான் மலைக்குப் போறேன். சிஸ்டர் கிட்ட பேசிட்டேன். மூக்கு வரலைன்னா போவுது. காய் நறுக்கறேன், பாத்திரம் தேய்க்கறேன். பிள்ளைங்க மோந்து சொல்லும், நான் கேட்டுக்கறேன். இங்கியே உக்காந்துகினு இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்."

பிள்ளைகள் முகர்ந்து சொல்லும். யோசித்துப் பாருங்கள், அம்மா. முதல் நாள் காலையிலேயே ஒரு பிள்ளை கிராம்பைக் கிராம்பு என்று சொல்லிவிடும். ரசத்தை ரசம் என்று சொல்லிவிடும். சாயங்காலத்துக்குள் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். நான் அவளிடம் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். அவள் பையில் புடவைகளை மடித்து வைத்துக்கொண்டே, "ஞாயித்துக்கெழம வருவேன் இல்ல," என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

இனி அந்தத் திங்கட்கிழமை காலை. கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயில் வெடிப்பு விட்டிருந்ததைச் சில நாள் முன்பே பார்த்திருந்தேன். மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். காலையில் குளித்துவிட்டுக் கூடத்துக்கு வரும்போதே வாசனை வந்தது. கேஸ் கசிந்தால் ஆட்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அழுகின முட்டை மாதிரி ஒரு நாற்றத்தைச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். உங்களுக்குத் தெரியாததில்லை. அடுப்படிச் சன்னல் மூடியிருந்தது. நன்றாகவே அடித்தது.

மேரி ஊருக்குப் போகும் புடவையைக் கட்டியிருந்தாள். இன்றைக்கு நீங்கள் உட்காருங்கள், போகும்போது ஒரு தடவை நான் பொடிமாஸ் செய்து தருகிறேன் என்று சொல்லி அடுப்படிக்குள் போனவள், வாசல்படியிலேயே நின்றாள். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"ஏங்க. அழுகின முட்ட மாதிரி நாறுது. என்னிக்கும் விட ஜாஸ்தியா. கேஸா இருக்குமா?"

"இல்லியே."

"நெசமாவா?"

"ஒரு வாசனையும் இல்ல மேரி. எப்பவும் போல உன் மூக்குதான்."

அவள் முந்தானையைக் கீழே விட்டாள். என்னைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள், எப்போதும் தப்பாகவே கேட்கிறோமே என்கிற மாதிரி. உள்ளே போனாள். கொத்தமல்லி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் பையை எடுத்துக்கொண்டேன். வெளியே வந்து, நாய் நுழையாமல் இருக்கக் கதவைச் சாத்தினேன். கடையில் கொத்தமல்லிக் கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது. கடைக்காரர் டிரான்ஸ்பார்மர் என்றார். நான் காசை எண்ணிக் கொடுத்தேன்.

சாகட்டும் என்று நினைத்தேனா என்று நீங்கள் கேட்பீர்கள். கை கொஞ்சம் சுட்டால் பயணம் தள்ளிப்போகும் என்று நினைத்தேன். கட்டுப் போட்ட கையோடு யாரும் மலைச் சமையலுக்குக் கூப்பிடமாட்டார்கள், நான் ஊட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் எழுத்தில் வரும்போது இது சரியாக நிற்கவில்லை என்பது எனக்கே தெரிகிறது. கூடம் வரைக்கும் அடித்த கேஸ் கையை மட்டும் சுட்டுவிட்டுப் போகாது. தெரிந்துதான் இல்லை என்றேன். தெரிந்துதான் கதவைச் சாத்தினேன். என் மனைவி ஆனந்தமேரியைக் கொன்றது நான். முட்டையில் எதுவும் கலக்கவில்லை.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் மாஜிஸ்திரேட் வந்து அவளிடம் வாக்குமூலம் வாங்கினார். நான் திரைக்கு வெளியே நின்றிருந்தேன். கேஸ் நாற்றம் வந்ததா என்று கேட்டார். அவள் குரல் ஊதுகிற மாதிரிதான் இருந்தது, ஆனால் தெளிவாகச் சொன்னாள். "நாத்தம் வந்துதுங்க ஐயா. ஆனா அது கேஸ் இல்லைங்க. எனக்கு இல்லாததெல்லாம் நாறும். அவரு மோந்து பாத்து இல்லன்னு சொன்னாருங்க." தோல் முழுக்க வெந்து வாழையிலையில் கிடந்தவள், அப்போதும் அதைத்தான் சொன்னாள். நீங்கள் என்மேல் எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் வழக்குப் போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கடைசி மூச்சு வரைக்கும் ஒரு மனைவி தன் புருஷனை அவ்வளவு நம்பினாள் என்றால், அந்த வீட்டில் ஏதோ ஒன்று சரியாகத்தானே நடந்திருக்க வேண்டும்.